டிசம்பருக்குள் என்றார்கள், டிசம்பரும் போய்விட்டது

கேள்வி: எனக்கு 32 வயது. நாசரேத் பக்கம் ஒரு கிராமம். எம்.எஸ்ஸி. கணிதம், பி.எட். முடித்து 2017-ல் ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறிவிட்டேன். இன்றுவரை போஸ்டிங் இல்லை. போட்டித் தேர்வுக்குப் படிக்கலாம் என்று மெட்ரிக் பள்ளி வேலையையும் விட்டுவிட்டேன், இப்போது படிப்பும் ஓடவில்லை. தங்கைக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருக்கிறது. எனக்கு வந்த வரன்களில் ஒன்று நகைப் பேச்சில் நின்றுபோனது. இன்னொன்று நல்ல விசுவாசக் குடும்பம், ஆனால் வேற ஆட்கள் என்று அப்பா வேண்டாம் என்றுவிட்டார். ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஓர் ஊழியர் "டிசம்பருக்குள் காரியம் கைகூடும் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்றார். டிசம்பர் போய்விட்டது. இன்னொருவர் குடும்பத்தில் ஏதோ சாபம் இருக்கிறது என்கிறார். ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் இல்லை, காலையில் பத்து மணியானாலும் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. உதவி பெறும் பள்ளி ஒன்றில் இடம் இருக்கிறது, 15 லட்சம் ஆகும் என்று ஒரு தரகர் சொன்னதிலிருந்து அப்பா வயலை விற்கலாமா என்று யோசிக்கிறார். தேவசித்தத்தை நான் எங்கேயோ தவறவிட்டுவிட்டேனா? அவர் என் ஜெபத்தைக் கேட்கிறாரா? எல்லாம் கைகூடுகிறவரைக்கும் நான் எதற்காக இருக்கிறேன்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகளை நீங்களே கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் குடும்ப ஆலோசகராக என் கண் முதலில் போய் நின்றது தூக்கத்தைப் பற்றிய அந்த ஒரு வரியில்தான். இரண்டு மணி வரை தூக்கம் இல்லை, பத்து மணிக்கும் எழப் பிடிக்கவில்லை, படித்தால் மண்டையில் ஏறவில்லை. இது இரண்டு வாரத்துக்கு மேலாக, அநேகமாக தினமும் இப்படியே போகிறது என்றால், அதோடு சாப்பாடும் பிடிக்காமல் முன்பு பிடித்த எதிலும் மனசு ஒட்டாமல் இருக்கிறது என்றால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதை விசுவாசக் குறைவு என்று எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு உபவாசம், இன்னும் ஒரு உபவாசம் என்று உடம்பை வாட்டாதீர்கள். பாளையங்கோட்டையில் இருக்கிற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அரசு மருத்துவமனை என்பதால் செலவைப் பற்றியும் யோசிக்க வேண்டாம். போக வெட்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். அரசு நடத்துகிற இலவச சேவை, எந்த நேரத்திலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். செத்துவிட்டால் தேவலை என்ற நினைப்பு ஒரு தடவையாவது எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கடிதத்தை இதோடு நிறுத்திவிட்டு, அம்மாவிடமோ தங்கையிடமோ சொல்லிவிட்டு, உடனே அந்த எண்ணுக்கு அடியுங்கள். மிச்சத்தை அப்புறம் வாசிக்கலாம்.

எலியா சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் அவனுக்கு ஒரு பிரசங்கமும் பண்ணவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தது. சாப்பிட்டான், மறுபடியும் படுத்துத் தூங்கினான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னார்கள். "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்பதுதான் சொன்ன காரணம். எலியாவின் விசுவாசத்தைப் பற்றிய விசாரணை அங்கே நடக்கவில்லை. முதலில் சோறு, தூக்கம். கர்த்தர் அவனோடு பேசினது அதற்கு அப்புறம், நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போன பிறகு.

சரி, இப்போது அந்தச் சாபம்.

உங்கள் குடும்பத்தில் சாபம் இருக்கிறது என்று சொன்னவருக்கு லூக்கா முதல் அதிகாரத்தை யாராவது வாசித்துக் காட்டினால் நல்லது. சகரியாவும் எலிசபெத்தும் குற்றமற்றவர்களாய் நடந்தார்கள், தேவனுக்கு முன்பாக நீதியுள்ளவர்கள் என்று ஒரு வசனம். அவர்களுக்குப் பிள்ளையில்லை, இருவரும் வயது சென்றவர்கள் என்று அடுத்த வசனம். இரண்டையும் லூக்கா பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். பிள்ளையில்லாவிட்டால் ஏதோ பாவம் என்று நினைக்கிற ஊர் அது, அந்த ஊருக்குள்ளே நின்றுகொண்டு அவர் இப்படி எழுதுகிறார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு சொன்னது உங்களுக்கு மனப்பாடமாகவே தெரிந்திருக்கும்: "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல." தாமதத்துக்கெல்லாம் ஒரு குற்றவாளியைத் தேடுகிற பழக்கத்தை அவர் அங்கேயே நிறுத்திவிட்டார். நாம்தான் அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு வருகிறோம், பெரும்பாலும் கல்யாணமாகாத பெண்கள் மேலும் பிள்ளையில்லாத பெண்கள் மேலும்.

டிசம்பர் தீர்க்கதரிசனத்தைப் பற்றி எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. வேதாகமத்திலேயே இதற்குத் தெளிவான பதில் இருக்கிறது. உபாகமம் 18-ன் கடைசி வசனம்: ஒருவன் கர்த்தரின் நாமத்தில் சொல்லி அது நடக்காமல் போனால், அதைக் கர்த்தர் சொல்லவில்லை, அவன் துணிகரத்தினால் சொன்னான், "அவனுக்கு நீ பயப்படவேண்டாம்". அவ்வளவுதான். உங்கள் விசுவாசம் போதாததால் நடக்கவில்லை என்று அந்த வசனம் சொல்லவே இல்லை. சொன்னவர் பொறுப்பை சொன்னவர் மேலேயே வைக்கிறது. நீங்கள் அதை உங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இத்தனை மாதம் நடந்திருக்கிறீர்கள், இப்போது இறக்கி வைத்துவிடலாம்.

அடுத்தது வாக்குத்தத்த அட்டை. வருடப்பிறப்பு நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்து நீட்டுவார்களே, எடுத்துத் திருப்பிப் பார்த்தால் கடலோ சூரிய உதயமோ ஒரு படம், அதன் மேல் பாதி வசனம். வீட்டுக்கு வந்து பீரோ கதவில் செல்லோடேப் போட்டு ஒட்டுகிறோம், போன வருடத்து அட்டையின் மேலேயே. அந்த அட்டைகளில் எரேமியா 29:11 எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்! "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்." போஸ்டிங் வரும், கல்யாணம் ஆகும், இந்த வருடமே ஆகும் என்று நாம் வாசித்துக்கொள்கிறோம். அந்த வசனம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அட்டையில் இடம் போதாமல் விட்டுப்போனது எல்லாம் அதன் முன்னாலும் பின்னாலும் இருக்கிறது, உங்களுக்கு வேண்டியது அங்கேதான் கிடைக்கும்.

கதை இப்படி. நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து ராஜாவையும் பிரபுக்களையும் தச்சரையும் கொல்லரையும் பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அப்போது அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, ஆலயத்தில் எல்லா ஜனத்துக்கும் முன்பாக, இரண்டு வருஷத்துக்குள் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று கர்த்தருடைய நாமத்தில் சொன்னான். எரேமியாவின் கழுத்தில் இருந்த நுகத்தைப் பிடுங்கி உடைத்தும் காட்டினான். எல்லாரும் கேட்க ஆசைப்பட்டது அதுதான். எரேமியாவுக்கும் ஆசைதான், "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்றுதான் முதலில் சொல்கிறார். ஆனால் அவருக்குக் கொடுக்கப்பட்ட வார்த்தை 70 வருஷம். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா, 29-ல் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதி அனுப்பிய கடிதம். அட்டையில் வருகிற வசனம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு வசனம் முன்னால் 70 வருஷம் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கடிதத்தை வாசிக்கக் கேட்டவர்களில் நடுவயதுக்காரர்கள் யாரும் திரும்பிப் போய்ப் பார்த்திருக்க வழியில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியென்றால் அந்த நடுவயதுக்காரர்களுக்குக் கர்த்தர் என்ன சொன்னார்? பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்றா? வீடுகளைக் கட்டிக் குடியிருங்கள், தோட்டங்களை நாட்டி அதன் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம்பண்ணுங்கள் என்றார். பிடித்துக்கொண்டு போனவனுடைய ஊருக்காக! அதுவரைக்கும் நான் எதற்காக இருக்கிறேன் என்ற உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை. உங்கள் வாழ்க்கையின் நோக்கத்தைக் கர்த்தர் போஸ்டிங் ஆர்டருக்குள்ளேயோ தாலிக்குள்ளேயோ மறைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். அவை கிடைக்கிற நாளில்தான் அது திறக்கும் என்று. மீகா 6:8-ஐ எடுத்துப் பாருங்கள்: நன்மை இன்னதென்று ஏற்கனவே அறிவித்தாகிவிட்டது, நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து, தேவனுக்கு முன்பாக மனத்தாழ்மையாய் நடப்பது. இதில் எதற்கு அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் தேவை?

இந்த இடத்தில் நீங்கள் முகத்தைச் சுளிப்பீர்கள் என்று தெரியும். அதே கடிதத்தில் "பெண்களை விவாகம்பண்ணுங்கள்" என்றும் இருக்கிறதே, எனக்கு அதுதானே நடக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கல்யாணத்தை ஆசைப்படுவது தப்பு என்றோ, "இயேசுவே உனக்குப் போதும்" என்று சொல்லி உங்கள் வாயை அடைக்கலாம் என்றோ நான் நினைக்கவில்லை. ஆனால் உங்கள் கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது, அதைப் பேசுவோம்.

ஒரு வரன் நகைப் பேச்சில் நின்றது. இன்னொன்று சாதியில் நின்றது. இதில் கர்த்தருடைய வேளை எங்கே வந்தது? பவுன் கணக்குப் போட்டது மாப்பிள்ளை வீட்டார். வேற ஆட்கள் என்று தள்ளியது உங்கள் அப்பா. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று அதற்கு எவ்வளவோ முன்னாலேயே எழுதியாகிவிட்டது. இரண்டையும் தெரிந்துகொண்டுதான் நம் சபைகளில் பொருத்தம் பார்க்கிறோம். நம் ஆட்களாக இருக்கணும், நம்ம சபையாக இருக்கணும், அரசு வேலையாக இருக்கணும் என்று வாசலை நாமே சின்னதாகக் கட்டிவிட்டு, உள்ளே யாரும் வரவில்லையே என்று உபவாசம் இருப்பது சரியில்லை. மனிதர் செய்கிற தாமதத்தைக் கர்த்தர் பேரில் எழுதி வைப்பதால் இரண்டு கேடு. அவர்கள் திருந்த வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது, உங்களுக்குக் கர்த்தர் மேல் இல்லாத மனக்கசப்பு வருகிறது.

போஸ்டிங்கும் அப்படித்தான். தகுதித் தேர்வில் தேறியவர்களுக்கு நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு வேண்டும் என்று 2018-ல் அரசாணை வந்தது, 2017-ல் தேறிய உங்களைப்போல எத்தனையோ ஆயிரம் பேர் அதில் மாட்டினார்கள், அதில் எல்லா மதத்துக்காரர்களும் இருக்கிறார்கள். உங்கள் குடும்பத்துச் சாபம் அரசாணை வரைக்கும் போகாது அம்மா. நல்ல செய்தியும் இருக்கிறது: தகுதித் தேர்வுச் சான்றிதழ் முன்பு ஏழு வருஷத்துக்குத்தான் என்று இருந்தது, 2021-ல் ஆயுள் முழுக்கச் செல்லும் என்று மாற்றிவிட்டார்கள். உங்கள் 2017 சான்றிதழ் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

ஆக, ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். உங்கள் கையிலும் உங்கள் வீட்டார் கையிலும் இருப்பதை ஒரு பக்கம் எழுதுங்கள். வரனுக்கு என்ன நிபந்தனை, நகை கேட்டால் என்ன பதில், தினமும் எவ்வளவு நேரம் படிப்பு, தூக்கத்துக்கு டாக்டர், எல்லாம் அந்தப் பக்கம். யாராலும் அசைக்க முடியாததை மறுபக்கம் எழுதுங்கள். எப்போது அறிவிப்பு வரும், எத்தனை காலியிடம், மனசுக்குப் பிடித்த ஒரு மனிதர் எதிரில் வருவாரா இல்லையா. "கர்த்தருக்குக் காத்திரு" என்ற வார்த்தை அந்த மறுபக்கத்துக்குத்தான் பொருந்தும். முதல் பக்கத்துக்குக் காத்திருப்பு வேண்டியதில்லை, இந்த வாரமே ஆரம்பிக்கலாம்.

மறுபக்கத்தைப் பற்றிக் கஷ்டமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அது கடைசிவரை நடக்காமலும் போகலாம். நடக்கும், நிச்சயம் நடக்கும் என்று நானும் ஒரு தேதி கொடுத்தால் உங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வந்தவருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. உங்கள் ஊரிலிருந்து டோனாவூர் ரொம்பத் தூரம் இல்லை. அங்கே ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. 1931-ல் களக்காட்டில் ஒரு குழிக்குள் விழுந்து கால் முறிந்தது. அதற்கப்புறம் 1951-ல் இறக்கிறவரை, இருபது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பெரும்பாலும் படுக்கைதான். சுகத்துக்காக எத்தனை பிள்ளைகள் ஜெபித்திருப்பார்கள்! பழையபடி எழுந்து நடமாடவே இல்லை. அந்தக் கட்டிலில் இருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார், நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தார். இதை உங்களை அடிக்கிற கோலாக நான் எடுக்கவில்லை. அவரே அப்படி இருந்தார், உனக்கென்ன என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். கேட்டது கிடைக்காத வாழ்க்கையும் கர்த்தர் கூட இருந்த வாழ்க்கையாக இருந்திருக்கிறது, அதுவும் நம் மண்ணிலேயே. நான் சொல்ல வருவது அவ்வளவுதான்.

ஜெபத்தைக் கேட்கிறாரா என்று கேட்டீர்கள். கேட்கிறார் என்றுதான் நான் விசுவாசிக்கிறேன். ஆனால் நீங்கள் எதை ஜெபமாகப் பண்ணிக்கொண்டிருக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று சொல்லிக்கொண்டு உள்ளே வேறு எதையோ நினைத்துக்கொண்டு எத்தனை நாள் முழங்காலில் நிற்க முடியும்? 13-ஆம் சங்கீதம் ஆறே வசனம். அதன் முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தடவை வருகிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று நேருக்கு நேர் கேட்கிறான் தாவீது, அதைப் பரிசுத்த வேதத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறார்கள். "எதுவரைக்கும் என் ஆத்துமாவிலே ஆலோசனைபண்ணிக்கொண்டிருப்பேன்" என்றும் கேட்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கு உங்களுக்குள் ஓடுகிறதே, அதேதான். கொஞ்ச நாளைக்கு இந்தச் சங்கீதத்தையே சத்தம் போட்டு வாசித்து ஜெபியுங்கள், உங்கள் எதுவரைக்குமையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அன்னாள் பிள்ளை கேட்டு அப்படி அழுதபோது ஆசாரியனாகிய ஏலியே அவளைக் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். கர்த்தர் அப்படி நினைக்கவில்லை. "கர்த்தருடைய சந்நிதியில் என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாப்பிட்டாள், அதற்கப்புறம் அவள் முகம் துக்கமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. சாமுவேல் அப்போது வயிற்றில்கூட இல்லை.

ஆராதனை முடிந்து வாசலில் நிற்கிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருப்பார்கள். "ஏ பிள்ளே, இன்னும் ஒண்ணும் கூடி வரலையா?" என்று செருப்பு போடுகிற இடத்தில் வைத்துக் கேட்பார்கள். அன்பில் கேட்கிறவர்களும் உண்டு. எல்லாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. "வந்தா உங்களுக்குச் சொல்லாமலா அத்தை" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். அதற்காக ஆலயத்துக்குப் பிந்தி வந்து முந்திப் போகிற பழக்கம் மட்டும் வேண்டாம், இந்த நேரத்தில் தனிமை உங்களுக்கு ஆகாது. சேகரத்தில், அதாவது உங்கள் சபை வட்டாரத்தில், போதகரின் மனைவி ஐயரம்மாவோ, நம்பிப் பேசக்கூடிய ஒரு அக்காவோ, ஒரே ஒரு ஆள் போதும், உள்ளதை உள்ளபடி சொல்வதற்கு.

இனி எரேமியாவின் கடிதத்தில் வந்த அந்தத் தோட்டம் போடுவது. நீங்கள் கணக்கு டீச்சர். இப்போது ஒரு பிள்ளைக்கும் கணக்குச் சொல்லிக் கொடுக்காமல் இருக்கிறீர்கள், உங்கள் சோர்வில் பாதி இதனால்தான் என்று எனக்குப் படுகிறது. முழுநேரம் படிப்பதற்காக வேலையை விட்டவர்கள் பலர் இப்படித்தான் ஆகிறார்கள், நாள் முழுக்க நேரம் இருக்கிறது, ஒன்றும் ஓடுவதில்லை. உங்கள் தெருவில் பத்தாம் வகுப்பில் கணக்கைக் கண்டால் வயிற்றைக் கலக்குகிற பிள்ளைகள் கண்டிப்பாக இருக்கும். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஏழு மணி வரை நான்கு பேரை உட்கார வையுங்கள். கொடுக்க முடிந்தவர்களிடம் ஃபீஸ் வாங்குங்கள், முடியாத வீட்டுப் பிள்ளையையும் ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னக் கணக்கில் பகுதி எண்ணையும் தொகுதி எண்ணையும் தனித்தனியாகக் கூட்டி வைக்கிற ஒரு பிள்ளைக்கு, ஒரு சப்பாத்தியைக் கிழித்துக் காட்டி அரையும் காலும் சேர்ந்தால் முக்கால் என்று புரியவைத்தீர்கள் என்றால், அந்த ஒன்றரை மணி நேரம் நீங்கள் எதற்காக இருக்கிறீர்கள் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்தரைக்குப் பிள்ளைகள் வரும் என்றால் நாளுக்கு ஒரு ஒழுங்கும் வந்துவிடும், காலையில் எழுவதும் போட்டித் தேர்வுப் படிப்பும் அதன் பின்னால் வரும். பாடத்தைச் சொல்லிக் கொடுத்தால் நமக்கே ஞாபகம் நிற்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தேவசித்தத்தைத் தவறவிட்டேனா என்பதற்குச் சுருக்கமாகவே சொல்கிறேன். யோசேப்பு 17 வயதில் சொப்பனம் கண்டவன், பார்வோன் முன்னால் நின்றபோது வயது 30. அதில் கடைசி இரண்டு வருஷம், பானபாத்திரக்காரன் அவனை மறந்துபோனதால் சிறையில் கழிந்தது. யோசேப்பு எதையும் தவறவிடவில்லை, இன்னொருவன் மறந்தான். அந்த இரண்டு வருஷமும் சிறைச்சாலையில் அவனுக்கு ஒரு பொறுப்பு இருந்தது, கைதிகளுக்கு அவன் வேண்டியவனாக இருந்தான். ரயிலைத் தவறவிடுவதுபோலத் தேவசித்தத்தைத் தவறவிட முடியும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு அட்டவணை வேதத்தில் எங்கும் கிடையாது.

கடைசியாக அந்த 15 லட்சம். நீங்கள் என்னிடம் நேராகக் கேட்கவில்லை, ஆனால் எல்லாவற்றிலும் அவசரமானது இதுதான், வயல் ஒருமுறை போனால் போனதுதான். வேண்டாம். உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் நியமித்தால் மட்டும் போதாது, கல்வித்துறை ஒப்புதல் கொடுத்தால்தான் அரசுச் சம்பளம் வரும், அந்த ஒப்புதலுக்காக வருடக்கணக்கில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்து நீதிமன்றத்துக்கு அலைந்தவர்கள் இருக்கிறார்கள். தரகருக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது கிடையாது. இது காசு சம்பந்தப்பட்ட காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது.

ஆபிரகாம் ஆரானை விட்டுப் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் பத்து வருஷம் பார்த்துவிட்டு, இனி முடியாது என்று சாராள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இஸ்மவேல் பிறக்கும்போது ஆபிரகாமுக்கு 86. நாம் இதை விசுவாசம் தளர்ந்த கதையாகப் பிரசங்கிக்கிறோம். ஆனால் அந்தக் குறுக்குவழியில் அடிபட்டது யார் என்று பாருங்கள். ஆபிரகாமும் சாராளும் வீட்டில்தான் இருந்தார்கள். துருத்தித் தண்ணீரோடும் பிள்ளையோடும் வனாந்தரத்தில் அலைந்தவள் ஆகார், அந்தத் திட்டத்தில் வாயே திறக்காத வேலைக்காரி. 15 லட்சம் கொடுத்து நீங்கள் உட்காருகிற நாற்காலிக்கும் இப்படி ஒரு ஆள் இருப்பாள். உங்களைப்போலவே எம்.எஸ்ஸி., பி.எட்., உங்களைப்போலவே தகுதித் தேர்வு, விற்க வயல் மட்டும் இல்லை. நியாயஞ்செய்து என்று மீகா சொன்னது அவளையும் சேர்த்துத்தான்.

அப்பாவிடம் சண்டை போடாதீர்கள். மகளுக்கு ஒரு வழி பண்ணாமல் கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் அவருக்கு, அவரும் காத்திருந்து களைத்தவர்தான். சாப்பாட்டு நேரத்தில், அம்மாவும் பக்கத்தில் இருக்கும்போது சொல்லுங்கள்: "அப்பா, வயலை விற்க வேண்டாம். நான் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படிக்கப் போகிறேன், சாயங்காலம் டியூஷன் எடுக்கப் போகிறேன். எனக்கு வரன் பார்க்கிறதாக இருந்தால் நகை கேட்காத வீடாகப் பாருங்கள், விசுவாசியாக இருந்தால் போதும், வேற ஆட்கள் என்று இனிமேல் தள்ள வேண்டாம்." கடைசி வாக்கியத்துக்கு அவர் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார், எழுந்து போய்விடவும் கூடும். இரண்டு நாள் விட்டு மறுபடியும் பேசுங்கள். தரகர் கெடு வைத்திருந்தால் அது முடிவதற்குள் பேசிவிடுங்கள். அப்பா கேட்கவே மாட்டேன் என்றால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், உங்கள் சேகரகுருவையோ தாய்மாமாவையோ வைத்துப் பேச வழி இருக்கிறதா என்று பார்ப்போம்.